டயரைக் கும்பிட்ட சாமுராய்

எங்கள் மேல்மாடியில் குடியிருந்த ஜப்பான்காரர் அறுபத்துச் சொச்சம் படங்களில் செத்திருக்கிறார். இதை அவரே அம்மாவிடம் சொன்னாராம். சாப்பிடும்போது அம்மா எங்களிடம் சொன்னாள். அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அப்ப மேல நடக்கறது யாரு?" என்று கூரையைப் பார்த்தான். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

அது எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. அப்பா மாண்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாலம் கட்டுவதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்த இடத்தின் பெயர் நோத்ர-டாம்-த-கிரேஸ். முழுப்பெயரைச் சொல்லப் பொறுமையில்லாமல் எல்லோரும் என்.டி.ஜி. என்பார்கள். மூன்று மாடிச் செங்கல் கட்டடம், ஆறு வீடுகள், ஆறு வீட்டுக்கும் பொதுவாக நிலவறையில் இரண்டு துணி துவைக்கும் இயந்திரங்கள். அந்த நிலவறையில்தான் அம்மாவுக்கும் ஜப்பான்காரருக்கும் பழக்கம் ஏற்பட்டது. குறுக்கே கட்டிய கயிற்றில் அம்மா ஒரு ஆறு கெஜப் புடவையைக் காயப்போட்டிருந்தாள். அதை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், இது எந்த நாடகத்துத் திரை என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு உடனே அவரைப் பிடித்துப்போயிற்று.

பத்தொன்பது வயதில் கியோட்டோவில் ஒரு படக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். கதாநாயகர்களுக்குத் தனித்தனி அறை உண்டு. இவரைப் போன்றவர்களுக்குப் பெரிய கூடம் ஒன்று. ஐம்பது அறுபது பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, அவரவர் கண்ணாடியில் அவரவரே முகத்துக்குப் பூசிக்கொள்ள வேண்டும். காலையில் கொள்ளைக்காரனாக வெட்டுப்பட்டுச் சாவார். மத்தியானம் வேறு அங்கியை மாட்டிக்கொண்டு காவலனாகச் சாவார். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படிப் போன பிறகுதான் வசனம் கிடைத்தது. கோட்டை விழுந்துவிட்டது என்று ஓடிவந்து சொல்கிற தூதன், சத்திரத்து முதலாளி, சூதாட்ட விடுதிக்காரன். இப்படி நாலு வரி, ஐந்து வரி. அப்புறம் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்து, கம்பெனியில் படங்கள் குறைந்துபோயின. அந்தச் சமயத்தில் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்கு வாள்சண்டை காட்ட ஒரு குழு வந்தது. அதில் இவரும் வந்தார். நதிக்கு நடுவே தீவில் தினம் இரண்டு காட்சி. கண்காட்சி முடிந்ததும் மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. நகரத்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏன் தங்கிவிட்டார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மனசில் ஏதோ பெரிய வருத்தம் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "நம்மள மாதிரிதான். வந்தோம், இருந்துட்டோம்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்காரர் புகைப்பட ஆல்பத்தோடு கீழே இறங்கி வந்தார். எல்லாப் படங்களிலும் முன்னால் யாரோ ஓர் அழகான ஆள் வாளை ஓங்கிக்கொண்டு நின்றான். இவர் சுண்டுவிரலால் பின்னால் காட்டுவார். அங்கே ஒரு முதுகு இருக்கும். அல்லது பாதி முகம். ஒன்றில் காற்றில் தூக்கிய கால் மட்டும். "நம்ம ஊர் சினிமாவுல சண்டைன்னா பத்துப் பேர் ஒருத்தன் பின்னால ஒருத்தனா வந்து அடி வாங்குவாங்களே, அந்த மாதிரி" என்று அப்பா எங்களுக்குத் தமிழில் விளக்கினார். அது ஜப்பான்காரருக்கு எப்படியோ புரிந்துவிட்டது போலிருக்கிறது. அண்ணன் கையில் பூரிக்கட்டையைக் கொடுத்து, தன்னை வெட்டச் சொன்னார். படத்தில் வருவது மூங்கில் வாள், மேலே வெள்ளித் தாள், அதனால் ஒரு முள்ளங்கியைக்கூட வெட்ட முடியாது என்றார். வெட்டியதா இல்லையா என்பது விழுகிறவன் கையில்தான் இருக்கிறதாம்.

அண்ணன் வெட்டினான். அவர் உடனே விழவில்லை. இரண்டடி நடந்தார். எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்போல நின்றார். முழங்கால் மடங்கியது. பிறகு எங்கள் வீட்டுக் கம்பளத்தின்மேல் சத்தமே இல்லாமல் சரிந்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஐயோ!" என்று கத்திவிட்டாள். அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, 'ஐயோ' என்றால் என்ன அர்த்தம் என்று விசாரித்தார். சொன்னதும் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அந்த வருஷம் அக்டோபரில், அப்பாவின் பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து நடத்திய சினிமாக் கழகத்தில் ஒரு பழைய ஜப்பானியப் படம் போட்டார்கள். அதில் அவர் இருந்தார். அப்பா எங்கள் எல்லோரையும், அவரையும் காரில் அழைத்துக்கொண்டு போனார். இரண்டரை மணி நேரப் படத்தில் அவர் நாலு நிமிஷம் வந்தார். செய்தி கொண்டுவந்து, சொல்லி முடித்து, ஓர் ஓடைக்கரையில் செத்துப்போனார். அரங்கத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, பின்வரிசையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது காரில் அப்பா கேட்டதற்கு, தன் படத்தை ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்றார். ஒரு படம் கொட்டகைக்கு வரும்போது அவர் வேறொன்றில் செத்துக்கொண்டிருப்பாராம்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவரை வைத்து ஒரு டயர் விளம்பரம் எடுத்து முடித்திருந்தார்கள். நகரத்தின் கிழக்கே டயர் கடை வைத்திருந்த ஒருவர், உணவகத்துக்குச் சாப்பிட வந்தபோது இவர் சாமுராய் படங்களில் நடித்தவர் என்று கேள்விப்பட்டு, கையோடு பேசி முடித்துவிட்டார். பனிக்காலத்துக்கான டயர். சாமுராய் உறுமிக்கொண்டு வந்து வாளால் டயரை வெட்டுவான். வாள் வளைந்துவிடும். வளைந்த வாளைப் பார்ப்பான். மேல்பற்களை வெளியே தள்ளி இளிப்பான். டயரை மூன்று தடவை குனிந்து வணங்கி, "வெலி ஸ்ட்லாங்" என்பான். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு 'ல' வராது. 'வெரி ஸ்ட்ராங்' என்று சொல்லச் சொன்னால் கணீரென்று சொல்வார். விளம்பரம் எடுத்தவருக்கு அது போதவில்லை, 'ர' வரும் இடத்தில் 'ல' வேண்டும் என்றார். அதனால் நிலவறையில் அம்மா அவருக்கு ல கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, துணி மடிக்கும் மேஜைமேல் உட்கார்ந்து நான் அதைப் பார்ப்பேன்.

"நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால தொடணும், சார். லட்டு. சொல்லுங்க, லட்டு."

"ரட்டு."

"ஜிலேபி."

"ஜிரேபி."

ஒரு வாரத்தில் லட்டு வந்தது. அம்மா உண்மையாகவே லட்டு பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஸ்ட்ராங் என்பது ஏன் ஸ்ட்லாங் ஆக வேண்டும் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். டைரக்டர் கேட்கிறார் என்றார் அவர். கம்பெனியில் இருபது வருஷம் அந்தப் பதிலுக்குமேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. பல்லை வெளியே தள்ளுவதை அவர் தனியாகப் பழகினார், இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு இயற்கையில் சின்னஞ்சிறு பற்கள், ஒழுங்கான வரிசை.

நவம்பரில் முதல் பனி விழுந்ததும் விளம்பரம் வந்தது. ஹாக்கி ஆட்டத்துக்கு முன்னால் போட்டார்கள். ஹாக்கி ஆட்டத்துக்கு முன்னால் போட்டால் ஊரே பார்த்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அவரும் பார்த்தார். நாங்கள் கைதட்டினோம். நன்றாக இருந்ததா என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருந்தது" என்றார் அப்பா. சொல்வதற்கு முன்னால் அவர் கொஞ்சம் தயங்கினார் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் இரண்டு பையன்கள் பல்லை நீட்டிக்கொண்டு என்னைக் குனிந்து வணங்கினார்கள். "வெலி ஸ்ட்லாங்!"

எங்கள் வகுப்பில் ஜப்பானியர் யாரும் இல்லை. சீனரும் இல்லை. அவர்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்த ஜப்பான் நான்தான். அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களாக என்னைக் கூப்பிட அவர்களிடம் வேறு பெயர்கள் இருந்தன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து இது சேர்ந்துகொண்டது. கோட்டை மாட்டும்போது ஒரு வணக்கம், கழிப்பறைக்குப் போகும்போது ஒரு வணக்கம். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் இடைவேளையில், பனி குவிந்த மைதானத்தில், கராஜ் வைத்திருந்தவரின் மகன் மறுபடி ஆரம்பித்தபோது, "நீ செய்யறது தப்பு. அது அப்படி இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நானே செய்து காட்டினேன்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும், வாள் வளைந்ததும் எத்தனை நேரம் பார்க்க வேண்டும், குனியும்போது முதுகு எப்படி நேராக இருக்க வேண்டும். நிலவறையில் இரண்டு வாரம் பார்த்தவள் நான். போதாதென்று பல்லை அவரைவிட அதிகமாக நீட்டினேன். கண்களின் ஓரத்தை விரலால் இழுத்துக்கொண்டேன். இது அவர் செய்யாதது, நானே சேர்த்தது.

சிரித்தார்கள். அதுவரைக்கும் நான் கேட்ட சிரிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இன்னொரு தடவை செய் என்று கெஞ்சினார்கள். அடுத்த வாரம் முடிவதற்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்கார நாலு பேர் இருந்தார்கள். சறுக்கு மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். கராஜ்காரர் மகன், "அந்த ஆளை உனக்குத் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"தெரியாது" என்றேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா நடக்கும். உன் ஊரிலிருந்து ஏதாவது செய்கிறாயா என்று டீச்சர் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் வகுப்பு முழுக்க "டயர்! டயர்!" என்று கத்தியது. டீச்சரும் சிரித்துவிட்டார். வீட்டில் வந்து, விழாவில் நான் நடனம் ஆடப்போகிறேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உன் ஊரிலிருந்து என்ற வார்த்தை வாயில் இருந்தது, வந்துவிட்டது. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல வழியில்லை. அம்மா பெட்டியிலிருந்து பட்டுத் துணி எடுத்துப் பாவாடை தைத்தாள். டேப்பில் பாட்டுப் போட்டு, தினம் சாயங்காலம் ஹாலில் எனக்கு அடவு சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வாரம் நானும் ஒழுங்காக ஆடினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுவது அதற்குத்தான். வாயால் சொன்ன பொய் ஒன்றுதான். காலால் தினமும் சொன்னேன்.

மேல்மாடிக்காரரையும் அம்மா அழைத்திருக்கிறாள் என்பது விழாவன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோட்டு, சூட்டு, டை, படிய வாரிய தலை. உணவகத்தில் லீவு சொல்லிவிட்டுக் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். காய்ச்சல் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. மேடைன்னா அப்படித்தான் இருக்கும். சாரையே கேளு" என்றாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

மேடைக்குப் பின்னால் நான் பட்டுப் பாவாடையில் நின்றேன். பையில் அம்மா கொடுத்த டேப் இருந்தது. அதற்கு அடியில் அண்ணனின் குளியல் அங்கியும், அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய வாளும் இருந்தன. டேப்பை எடுத்து டீச்சரிடம் கொடுத்திருக்கலாம். நடனம் எனக்குத் தெரியும், உடையும் உடம்பில் இருக்கிறது. டேப்பைக் கையில்கூட எடுத்தேன். அதற்குள் கராஜ்காரர் மகன் நிஜ டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மேடை நடுவில் வைத்தான். அவ்வளவுதான், அரங்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் "வெலி ஸ்ட்லாங்" என்று கத்த ஆரம்பித்தார்கள். என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் அங்கியை மாட்டிக்கொண்டேன்.

உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தபோதே மூன்றாவது வரிசை தெரிந்தது. அப்பா, அம்மா, அவர். அம்மா இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். நடனத்துக்கு முன்னால் வேறு ஏதோ வேடிக்கை போல என்று நினைத்திருப்பாள். அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நான் டயரை வெட்டினேன். வாள் வளைந்தது. பார்த்தேன். பல்லை நீட்டினேன், கண்ணை இழுத்தேன், குனிந்தேன், சொன்னேன். பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் தலையைத் திருப்பினார். பின்வரிசையைப் பார்த்தார். அதற்குப் பின்வரிசையைப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

மூன்று வணக்கம் முடிந்துவிட்டது. சிரிப்பு முடியவில்லை. அதனால் நான் நாலாவது தடவையும் குனிந்தேன். அந்த நாலாவது வணக்கம் விளம்பரத்தில் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே செய்தேன். இத்தனை வருஷம் கழித்தும், காரணமே இல்லாமல், கடைத்தெருவில் நடக்கும்போதோ பல் தேய்க்கும்போதோ அது ஞாபகம் வந்து, வாய்விட்டு "ச்சே" என்று சொல்லிவிடுகிறேன்.

காரில் திரும்பும்போது, பள்ளிக்கூடத்து ஹாலில் கதகதப்பாக இருந்தது என்று அவர் மட்டும் ஒரு தடவை சொன்னார். கட்டடத்து வாசலில் இறங்கியதும் அந்தப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நீலக் கோடு போட்ட ஒரு பருத்தித் துண்டு, ஓரத்தில் அவர் மொழியில் அவர் பெயர். முதல்முறை மேடை ஏறுகிறவருக்குக் கொடுப்பது வழக்கம் என்றார். வெறும் துண்டா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"எல்லாரும் கேட்டாங்கம்மா."

"அந்த மனுஷனுக்கு ல சொல்லிக் கொடுத்ததே நான்தான்டி" என்றாள். அப்புறம் அழுதாள். திட்டு எனக்கு விழ வேண்டிய நேரத்தில் அம்மா ஏன் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "காலையில நீயே மேல போ. தனியா போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்று திரும்பாமலே சொன்னார்.

மறுநாள் காலை மேலே போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லி, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்தார். அறையில் அந்த ஒரு நாற்காலிதான் இருந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார். பிறகு, தன்னுடைய உடைந்த இங்கிலீஷில், ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"நேத்து எங்க ரொம்பச் சிரிச்சாங்க?"

மன்னிப்புக் கேட்க வந்த என்னிடம் ஒரு நடிகர் தொழில் விஷயம் கேட்கிறார்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நன்றாக யோசித்துச் சொன்னேன். வாள் வளையும்போது கொஞ்சம்தான். குனியும்போது அதைவிடக் கூட. பல்லுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

"ஸ்ட்லாங்?"

"அதுக்கும் சிரிச்சாங்க, அங்கிள். ஆனா பல்லு அளவுக்கு இல்ல."

அவர் தலையாட்டினார். "முதல்ல உள்ள வரும்போது? வாள் இன்னும் வளையல. ஒண்ணும் ஆகல. அப்போ?"

"அப்பவே ஆரம்பிச்சிட்டாங்களே! உள்ள வந்த உடனே சிரிப்புத்தான்" என்றேன் உற்சாகமாக. "ஸ்கூல்லயும் எப்பவும் அப்படித்தான். ஒண்ணும் செய்யவே வேணாம், அங்கிள்."

அவர் எனக்கு நன்றி சொன்னார். படத்துக்கு உள்ளே இருப்பவனுக்கு வெளியே நடப்பது காதில் விழாது, அதனால்தான் கேட்டேன் என்றார். ஒரு பிஸ்கட் கொடுத்தார். நான் படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கி வந்து, அவருக்குக் கோபமே இல்லை, என்னிடம் யோசனைகூடக் கேட்டார் என்று அம்மாவிடம் அறிவித்தேன். என்ன யோசனை என்றாள். சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்த அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

அதற்குப் பிறகு அம்மா துணி துவைக்கும் நாளை மாற்றிக்கொண்டாள். மாடிப்படியில் பார்த்தால் அவர் எப்போதும்போல் புன்னகை செய்வார். பள்ளிக்கூடத்தில் ஜனவரி பிறந்ததும் அவர்களுக்குச் சிரிக்க வேறு ஏதோ கிடைத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்கார்ந்தவர்களில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

அடுத்த நவம்பரில், முதல் பனியோடு, மறுபடி டயர் விளம்பரம் வந்தது. அதே அங்கி, அதே வளைகிற வாள், அதே டயர். ஆனால் ஆள் வேறு. கொஞ்சம் கனத்த உடம்பு, வாளைக் கரண்டி மாதிரிப் பிடித்திருந்தார். குனியும்போது முதுகு கூன்போட்டது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எங்கள் மாடிக்காரரை விட்டுவிட்டு யாரோ நடிக்கத் தெரியாத ஆளைப் பிடித்துப் போட்டிருக்கிறார்களே என்று. அப்பா எழுந்து போய் டெலிவிஷனை நிறுத்தினார்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படியில் அவரைப் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போன வருஷம் செய்ததற்கெல்லாம் ஈடுகட்ட இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது.

"அங்கிள், டயர் விளம்பரத்துல புதுசா ஒருத்தர் வராரே, அவருக்கு ஒண்ணுமே தெரியல. நீங்கதான் நல்லா செஞ்சீங்க. உங்களுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க."

அவர் எனக்கு ஒரு படி கீழே நின்றார். கையுறையை ஒவ்வொரு விரலாக நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"அவருக்கு ரெண்டு குழந்தைங்க. வேணாம்னு சொல்ல முடியாது" என்றார். என் தலையை லேசாகத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நான் சொன்னதென்ன, அவர் சொல்வதென்ன. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பாவம், இன்னும் இங்கிலீஷ் சரியாகப் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டே நான் மேலே ஏறினேன்.